கடைசி பெஞ்சுக்கு ஒரு ஆள்

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் களத்தில் வேலை செய்கிற பொம்பளைகளை முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. வெயிலுக்குப் பயந்து முந்தானையைத் தலையோடு சேர்த்து மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நடையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பரப்பிவிட்டு, வெறுங்காலால் இழுத்து இழுத்துக் கோடு போட்டுக்கொண்டே போவார்கள். அடியில் கிடந்த நெல் மேலே வரும், மேலே காய்ந்தது அடியில் போகும். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி இந்தக் கோடி, இந்தக் கோடியிலிருந்து மறுபடி அந்தக் கோடி. பொழுது சாய்கிற வரைக்கும் இதேதான். வேடிக்கை பார்க்கிறவனுக்கு என்ன, சும்மா நடக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஒரு நாள் நடந்து பார்த்தால் தெரியும்!

இருளாயி குதித்துக் குதித்து நடப்பாள். சந்திரம்மாள் ஆடி அசைந்து வருவாள். மாரியாயி நடை தனி. வலது காலை நீட்டி இழுப்பாள், இடது காலைக் குட்டையாக இழுத்து லேசாக வெளிப்பக்கம் ஒதுக்குவாள். சரக்க்... சர். சரக்க்... சர். கோடியில் போய் ஒரு மூச்சு நின்று குதிகாலில் திரும்புவாள். மில்லுக்குள் கிடந்து வேகிற பாய்லர்காரன்கூட ஜன்னலுக்கு வெளியே சத்தத்தைக் கேட்டு, “மாரியாயி வந்தாச்சு” என்பான்.

அவளுக்கு ஒரே மகன், அழகிரி. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவன். டவுனில் கோட்டை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு காலேஜில் டியூட்டராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. டியூட்டர் என்றால் முழு வாத்தியாரும் இல்லை, மாணவனும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்குகிற உத்தியோகம். வருஷக் கடைசியில் ‘இவனுக்குப் பாடம் நடத்த வரும்’ என்று பெரியவர்கள் சொன்னால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மாரியாயிக்கு அந்தக் கவலையெல்லாம் பெரிதாக இல்லை. அவன் படித்த படிப்புக்கு எங்கேயாவது வேலை கிடைக்கும் என்று நம்பினாள். அவளுக்கு இருந்தது ஒரே ஏக்கம். மகன் பாடம் நடத்துவதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கண்ணால் பார்த்துவிட வேண்டும். சாமி மேல் ஆணையாக வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

இந்த ஏக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அழகிரி ஹைஸ்கூல் படிக்கும்போது லீவு விட்டால் களத்துக்கு வந்துவிடுவான். அம்மா ஒரு வரிசை, அவன் பக்கத்து வரிசை. நெல்லைக் கிளறிக்கொண்டே பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவான். அசோகர் சாலையோரத்தில் மரம் நட்டதும், பூமி சூரியனைச் சுற்றுவதும், நீராவி மேலே போய் மேகமாவதும் மாரியாயிக்கு அந்தக் களத்தில் வைத்துத்தான் தெரிந்தது. பாதி புரியும், பாதி புரியாது. கோடி வந்து திரும்பும்போது அவன் ஒரு மூச்சு நிறுத்துவான், அவளும் நிறுத்துவாள், அடுத்த வரி அடுத்த நடைக்கு. அவன் காலேஜுக்குப் போனான், அந்தச் சத்தமும் போயிற்று. அப்புறம் வெறும் சரக்க்... சர் மட்டும்தான்.

“ஏன் மாரியாயி, ஒன் மவன் பிள்ளைங்கள அடிப்பாரா?” என்று கஞ்சி குடிக்கும்போது இருளாயி கேட்டாள்.

“காலேஜுல அடிக்க மாட்டாங்கடி.”

“பின்ன எப்படிப் படிக்கும் அதுங்க?”

“அதானே எனக்கும் தெரியல. ஒரு மணி நேரம் நின்னு பேசுறானாம். அடிக்காம, வையாம, என்னத்தடி பேசுவான் ஒரு மணி நேரம்? வீட்டுல வந்தா ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறான்.”

“போயிப் பாத்துட்டு வாயேன்.”

“நல்லாருக்கே! சினிமாக் கொட்டகையா அது, டிக்கெட் வாங்கிட்டுப் போயி உக்கார?”

அந்த வருஷம் பொங்கலுக்கு அழகிரி வீட்டுக்கு வந்திருந்தான். பிச்சமுத்து, மாரியாயியின் புருஷன், மில் அரிசியைக் காந்தி மார்க்கெட் மண்டிகளுக்கு வண்டியோட்டிக் கொண்டுபோகிறவர். மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துக்கொண்டே மகனிடம் விசாரித்தார்.

“ஏம்பா, சனிக்கிழமகூட லீவு இல்லையாமே ஒனக்கு?”

“சனிக்கிழமை எங்களுக்கு வகுப்புப்பா. பாடம் நடத்தறதுக்குப் பழக்குறாங்க. புதுசா சேர்ந்த டியூட்டர் எல்லாருக்கும்.”

“படிச்சு முடிச்சவனுக்கு இன்னும் என்ன பழக்கம்?”

“படிக்கிறது வேற, நடத்துறது வேறப்பா. தேசிகாச்சாரி சார்னு ஸ்ரீரங்கத்துக்காரர், பெரிய புரொபசர். அவரே பழக்குறார். நாங்க ஒவ்வொருத்தரா மேடையில ஏறிப் பாடம் நடத்தணும். மத்தவங்கல்லாம் பியூசி, அதான் காலேஜ் மொத வருஷத்துப் பசங்க மாதிரி கீழ உக்காந்திருப்பாங்க. வேணும்னே கொட்டாவி விடுவாங்க, காகிதத்தச் சுருட்டி அடிப்பாங்க, கேணத்தனமா கேள்வி கேப்பாங்க. எல்லாத்தையும் சமாளிச்சு நடத்தணும்.”

“அடி சக்கை! படிச்சவனுங்க பண்ற வேலையா இது?” என்று பிச்சமுத்து வாய்விட்டுச் சிரித்தார்.

மாரியாயி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “ஒன்ன என்ன சொன்னாங்க தம்பி? நல்லா நடத்துறேன்னாங்களா?”

அழகிரி வர்ண டப்பாவை நகர்த்தி வைத்தான். “நடக்காதேன்னாங்க” என்றான்.

“என்னது?”

“மேடையில நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்குறேனாம். அதுவும் காலை இழுத்து இழுத்து. எனக்கே தெரியலம்மா. நான் மேடை ஏறினாலே, ‘அழகிரி நெல்லு கிண்டப் போறான்டா’ன்னு சிரிக்கிறாங்க. இப்ப சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ளயே நின்னு பழகிட்டு இருக்கேன்.”

பிச்சமுத்து இன்னும் பலமாகச் சிரித்தார். மாரியாயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய், பொங்கல் பானையைக் கிளறியவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். குதிகாலில் வெடிப்பு வெடிப்பாக, அதில் தவிட்டு நிறத்தில் மண். பாவி, போயும் போயும் இதையா பிள்ளைக்குக் கொடுத்தேன் என்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்தத் தை அமாவாசை ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இருக்கும். எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடுகிறது, உலகம் அழியப்போகிறது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. கோயில் கோயிலாக யாகம். மில் முதலாளி வீட்டில்கூட ஹோமப் புகை. இருளாயி வளர்த்த கோழிகளையெல்லாம் அடித்துத் தின்றுவிட்டாள், அழியப்போகிற உலகத்தில் கோழியை யாருக்கு வைத்துவிட்டுப் போவது என்று. மாரியாயிக்கோ வேறு பதற்றம். உலகம் இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும், அதற்குள் மகன் பாடம் நடத்துவதைப் பார்க்காமல் போய்விடுவோமே!

அமாவாசையன்று ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் காவிரி முழுக்குப் போட்டுவிட்டு, ஈரப்புடவை காய்ந்தும் காயாமலும் மகன் அறைக்குப் போனாள். படித்துறை ரோட்டிலேயே, ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டயரான செல்லக்கண்ணுப் பிள்ளை வீட்டு மாடியில்தான் அழகிரி குடியிருந்தான். கையில் தூக்கு நிறைய அதிரசம்.

அறையில் அழகிரி இல்லை. அவன் சிநேகிதன் அப்துல் மாலிக் தனியாக நின்று சுவரைப் பார்த்து இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். அவனும் டியூட்டர்தான், பாலக்கரைப் பையன். மாரியாயியைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு பாயை விரித்தான்.

“வாங்கம்மா, உக்காருங்க. அழகிரி கீழ வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டிருக்கான். மாசிக் கடைசி புதன்கிழமை பரீட்சை வகுப்பு. அதான் சுவருக்குப் பாடம் எடுத்திட்டிருக்கேன். நீங்களும் அன்னிக்கு வர்றீங்கல்ல? எங்க அம்மாவும் வராங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருக்கலாம்.”

“நானா? நான் எங்க தம்பி வரது?”

“அழகிரி சொல்லலியா? அது தேசிகாச்சாரி சாரோட வழக்கம்மா. அன்னிக்கு நெசமான பியூசி வகுப்பு நடத்தணும். நடத்துறவங்க வீட்டிலேர்ந்து ஒரு ஆள், காலேஜ் வாசலையே மிதிக்காத ஆளா இருந்தா ரொம்ப நல்லது, வந்து கடைசி பெஞ்சில உக்காரணும். முடிஞ்சதும் அவங்கள, ‘என்ன புரிஞ்சுது?’ன்னு கேப்பார். வீட்டு மனுஷாள முன்னாடி வச்சிண்டு யாராலயும் போலியா பேச முடியாதும்பார்.”

மாரியாயிக்கு ஒரு நிமிஷம் காது அடைத்துக்கொண்டது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். கூப்பிட்டு உட்கார வைக்கிறார்களாமே! சினிமாக் கொட்டகையைவிட மேல்!

அப்போதுதான் அழகிரி மாடிப்படி ஏறி வந்தான். அம்மாவைப் பார்த்தான், மாலிக்கைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. பின்னாலேயே செல்லக்கண்ணுப் பிள்ளை, கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக வந்தார்.

“அப்ப புதன்கிழமை நான் எத்தனை மணிக்குத் தம்பி வரணும்? மாமான்னு கேட்டா மாமான்னு சொல்லிடறேன், அதிலென்ன” என்றார் பிள்ளை. அவர் மேல் குற்றமில்லை, மனுஷர் உபகாரம் செய்வதாகத்தான் நினைத்தார்.

மாலிக் சுவரைப் பார்த்துக்கொண்டான். மாரியாயி தூக்கைக் கீழே வைத்தாள்.

“அதிரசம் கொண்டாந்தேன். எல்லாரும் சாப்புடுங்க.”

“அம்மா... பாடம் இங்கிலீஷ்ல நடத்துறது. உனக்குப் புரியாது. அதான்...” என்றான் அழகிரி.

“ஆமாமா, எனக்கு என்ன புரியப்போவுது. ஐயா படிச்சவங்க, அவங்கதான் சரி” என்றாள் மாரியாயி. “போயிட்டு வரேன் தம்பி. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அவன் வாசல் வரைக்கும் வந்தான். தாயை வெறுக்கிற பிள்ளை இல்லை அவன், அதைச் சொல்லிவிட வேண்டும். களத்தில் நின்று உழைத்த காலைப் பார்த்து ஊர் சிரிக்குமோ என்று பயந்தவன். தன்னைப் பார்த்துச் சிரித்ததையே தாங்காதவன், அம்மாவைப் பார்த்துச் சிரித்தால் என்ன ஆவான்? ஆனால் அந்தப் பயமும் வெட்கமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எது எதுவென்று யாருக்குத் தெரிகிறது?

மாரியாயி கொள்ளிடப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அழவில்லை. பாலத்துக்கு அப்புறம் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டாள். காற்று பலமாக அடித்தது வசதியாகப் போயிற்று.

உலகம் அழியவில்லை. மறுநாள் காலையில் மில் சங்கு வழக்கம்போல ஊதிற்று. இருளாயி கோழி போன துக்கத்தில் கிரகங்களை ஒவ்வொன்றாகத் திட்டினாள். மாரியாயி நடந்தாள். ஆனால் கோடு வளைந்து வளைந்து போயிற்று. அவள் கோடு வளைந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. மேஸ்திரி காத்தான்கூட, “என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“கூப்பிடலேன்னா போ. நீயா போ” என்றாள் இருளாயி. விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“போயி?”

“வெளியே நின்னு பாரு. சன்னல்னு ஒண்ணு இல்லாமயா கட்டியிருப்பான்?”

“அவன் பாத்துட்டா?”

“பாத்தா என்ன, முழுங்கிடுவானா? பெத்தவதானே நீ!”

மாசிக் கடைசிப் புதன்கிழமை. பிச்சமுத்து வண்டியில் மண்டிக்குப் போகிற மூட்டைகளுக்கு மேலே மாரியாயியும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மார்க்கெட்டில் வெங்காயம் வாங்க வேண்டும் என்றாள். மண்ணச்சநல்லூரில் கிடைக்காத வெங்காயமா என்று பிச்சமுத்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு எவளும் வெங்காயம் வாங்கப் போகமாட்டாள் என்று அவருக்குத் தெரியாதா என்ன! தேர்தல் சுவரொட்டிகள் இன்னும் கிழியாமல் இருந்த தெருக்கள் வழியாக வண்டியை மார்க்கெட்டுக்கு விடாமல் நேரே காலேஜ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“எறங்கு. நான் அந்தப் புளியமரத்துக் கிட்ட நிக்கிறேன். மெதுவா பாத்துட்டு வா.”

மாரியாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பெருமைப்பட்டாள் என்று சொன்னால் அது அதிகம், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

உள்ளே நீளமான வராண்டா. மாசிக் காற்று காவிரி மணலையெல்லாம் வாரிக்கொண்டுவந்து தரையில் கொட்டியிருந்தது. ஒரு பெஞ்சில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். மாரியாயியைப் பார்த்ததுமே நகர்ந்து இடம் விட்டாள்.

“வாங்க, உக்காருங்க. நீங்க மண்ணச்சநல்லூரா?”

“ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“மாலிக்கோட அம்மா நான், ஜீனத். அதிரசம் நல்லாருந்திச்சுன்னான் அவன்.” அவ்வளவுதான் சொன்னாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எம்மவன் முறை அடுத்தது. எனக்கு ஒக்காந்தா தூக்கம் வருதுங்க. தூங்கிட்டேன்னா அவன் வேலை போயிடுமாமே, அதுக்காகக் காலையிலேர்ந்து மூணு காப்பி குடிச்சிட்டேன்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒங்க பிள்ளை அந்த ரூம்புலதான். சன்னல் அங்க இருக்கு” என்றாள்.

மாரியாயி தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தாள்.

பெரிய அறை. வரிசை வரிசையாகப் பிள்ளைகள். கடைசி பெஞ்சில் பஞ்சகச்சமும் நாமமுமாக ஒருவர், அவர்தான் தேசிகாச்சாரியாக இருக்க வேண்டும். அவருக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட செல்லக்கண்ணுப் பிள்ளை, போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி விறைப்பாக. மேடையில் அழகிரி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் சாக்பீஸ். கண்ணு பட்டுவிடும் போலிருந்தது மாரியாயிக்கு. பார்த்துவிட்டேன் சாமி, பார்த்துவிட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அவன் சரியாக இல்லை. அது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இங்கிலீஷ் புரிய வேண்டியதில்லை, பிள்ளை திணறுவதைத் தெரிந்துகொள்ளத் தாய்க்கு எந்த பாஷை வேண்டும்? இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் போட்ட கன்றுக்குட்டி மாதிரி ஒரே இடத்தில் நின்றான். ஒரு வாக்கியம் சொன்னான், நின்றான், எச்சில் விழுங்கினான். அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னான். முன்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான். தேசிகாச்சாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். செல்லக்கண்ணுப் பிள்ளை அதே விறைப்போடு தூங்க ஆரம்பித்திருந்தார்.

“நடடா” என்று முணுமுணுத்தாள் மாரியாயி. “நடந்தாத்தானேடா ஒனக்கு வரும். நடடா ராசா.”

அவனுக்கு எப்படிக் கேட்கும்? இன்னொரு தடவை அதே வாக்கியம். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. மாரியாயியால் பார்க்க முடியவில்லை. ஜன்னலை விட்டு விலகினாள். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தன்னையறியாமல் வராண்டாவில் நடக்க ஆரம்பித்தாள். மணல் கிடந்த தரையில் வெறுங்கால். சரக்க்... சர். சரக்க்... சர். வராண்டாக் கோடியில் ஒரு மூச்சு நின்றாள், குதிகாலில் திரும்பினாள். சரக்க்... சர்.

உள்ளே அழகிரியின் குரல் கேட்டது.

மெதுவாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அடுத்த வரி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மாரியாயி இந்தக் கோடிக்கு வந்து திரும்பியபோது அவன் ஒரு மூச்சு நிறுத்தினான். அவள் நடக்கத் தொடங்கியதும் அவனும் தொடங்கினான். மரப்பலகை மேடையில் கால் இழுபடுகிற சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. யாரோ ஒரு பையன் சிரித்தான். அழகிரி நிறுத்தவில்லை.

“இங்கிலீஷ்ல சொன்னது புரியலைன்னா தமிழ்ல சொல்றேன்” என்றது அவன் குரல். “மண்ணச்சநல்லூர்ல எங்க மில் களம் இருக்கு. அவிச்ச நெல்லைக் காலால கிளறணும். நாலு பொம்பளைங்க எறங்கினா நெல்லு சீக்கிரம் காயும். ஆறு பேர் எறங்கினா இன்னும் சீக்கிரம். சரி, சீக்கிரம் காயுதேன்னு இருபது பேரை எறக்கினா? ஒருத்தி போட்ட கோட்டை இன்னொருத்தி கால் அழிக்கும். கூலி ஏறும், நெல்லு அப்படியே கெடக்கும். களம் அதேதான், ஆள்தான் கூடுது. ஒரு அளவுக்கு மேல, கூடுற ஒவ்வொரு ஆளும் கொண்டாந்து குடுக்கிறது கொறஞ்சிட்டே போகும். இதைத்தான் புஸ்தகத்துல விதின்னு போட்டிருக்கான்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் எழுந்து கேள்வி கேட்டான், நிஜமான கேள்வி. அழகிரி நடந்துகொண்டே பதில் சொன்னான். வெளியே மாரியாயி கண்ணீர் வழிய வழிய நடந்துகொண்டிருந்தாள். பார்க்கத்தான் வந்தாள் பாவம், இப்போது பார்க்க முடியாது. ஜன்னலுக்குப் போனால் நடை நின்றுவிடும், நடை நின்றால் அவன் நின்றுவிடுவானோ என்று பயம். ஜீனத் துப்பட்டியை வாயில் பொத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். மாரியாயி சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒடுங்கினாள். உள்ளே தேசிகாச்சாரி, “என்ன புரிஞ்சுது உங்களுக்கு?” என்று கேட்பதும், திடுக்கிட்டு விழித்த செல்லக்கண்ணுப் பிள்ளை, “எக்ஸலண்ட் சார், எக்ஸலண்ட்” என்பதும் காதில் விழுந்தன.

தேசிகாச்சாரி வெளியே வந்தார். நேராகத் தூணுக்கு எதிரில் வந்து நின்றார்.

“அம்மா, நீங்க யாரு? இத்தனை நாழி இங்கே நடந்துண்டு இருந்தது நீங்கதானே?”

அவருக்குப் பின்னால் கதவோரம் அழகிரி வந்து நின்றான், கையெல்லாம் சாக்பீஸ் மாவு. மாரியாயி அவனைப் பார்த்தாள். முகத்தில் வியர்வை, கண்ணில் அவளைக் கெஞ்சுகிற மாதிரி ஒன்று. சொல்லாதே என்கிறானா, சொல்லு என்கிறானா, அவளுக்குப் புரியவில்லை.

“நான் சும்மா வந்தேன் சாமி” என்றாள் மாரியாயி. “மார்க்கெட்டுக்கு வந்தோம். தாகமா இருந்திச்சு, குடிக்கத் தண்ணி கெடைக்குமான்னு பாத்தேன். வரேங்க.”

கும்பிட்டுவிட்டு வராண்டா வழியாக நடந்தாள். அவசரமாகத்தான் போனாள். ஆனால் நடையை எங்கே ஒளிப்பது? மணலில் வலது கால் நீட்டி இழுத்தது, இடது கால் குட்டையாக இழுத்து வெளிப்பக்கம் ஒதுங்கிற்று. மூலையில் ஒரு மூச்சு நின்று குதிகாலில் திரும்பினாள்.

தேசிகாச்சாரி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை மேடையில் பார்த்துச் சலித்த நடை.

“அழகிரி” என்றார். “உங்க அம்மா போறா பார். கூப்பிடு.”

அழகிரி சாக்பீஸ் மாவுக் கையால் முகத்து வியர்வையைத் துடைத்தான்.

“பாடம் நன்னா எடுத்தே. நான் தப்புச் சொல்லிட்டேன், நீ நடக்கலாம். ஆனா இன்னிக்கு எடுத்தது செல்லாது. வர புதன்கிழமை மறுபடி எடு. கடைசி பெஞ்சில அவா உட்கார்ந்திருக்கணும். அப்பறம்தான் உன் வேலையைப் பத்தி நான் பேசுவேன். போ, ஓடு.”

வெளிவாசலுக்கு வந்துவிட்ட மாரியாயிக்குப் பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்தது.

“அம்மா!”

“ஏண்டா வெயில்ல செருப்பில்லாம ஓடியார?”

“ஏம்மா அப்படிச் சொன்ன? தண்ணி குடிக்க வந்தேன்னு ஏம்மா சொன்ன?”

“நீ மாமான்னு ஒருத்தர ஒக்கார வச்சிருக்க. நடுவுல நான் வந்து அம்மான்னு நின்னா நீ சொன்னது பொய்யின்னு ஆயிடும்ல? நீ சொன்னதுக்கு ஏத்தாப்பலதானடா நானும் சொல்லணும்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் போயிற்று. காலேஜ் வாசல், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிறான், பாடம் எடுத்த பிள்ளைகளே சைக்கிளோடு நிற்கிறார்கள். அழகிரி அழுதான். மாரியாயி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். சாக்பீஸ் மாவும் கண்ணீரும் சேர்ந்து அப்பிக்கொண்டது.

“வர புதன்கிழமை திரும்ப எடுக்கணும்மா. நீ வரணும். உள்ள வந்து கடைசி பெஞ்சில உக்காரணும். சார் சொல்லிட்டார். சார் சொல்லலேன்னாலும் நீ வரணும்.”

எத்தனை நாள் ஏக்கம்! ஆனாலும் உடனே ஒரு கவலை வந்துவிட்டது மாரியாயிக்கு.

“நான் உள்ள வந்து ஒக்காந்துட்டா, வெளிய யாருடா நடக்குறது? நடக்கலேன்னா ஒனக்கு வராதே?”

புளியமரத்தடியில் பிச்சமுத்து வண்டி மேல் நின்றுகொண்டு, மாடு வெயிலில் நிற்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். அழகிரி குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தான்.

“நீ நடந்தது போதும்மா” என்றான். “நீ வந்து உக்காரு. நான் நடக்கிறேன்.”